அஞ்சலை திறந்துவிட்ட பாத்தி

உங்கள் அலுவலகத்துக்குப் பேச வந்த அன்று, ஒரு மேஜையின் மேல் செயற்கைக்கோள் ஒன்று இருந்தது. அதன் பக்கத்திலேயே பாதி குடித்த டீ கிளாஸ். அதைக் கண்டதும் எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த பெரிய நிறுவனத்தில் செயற்கைக்கோள் இருக்கும் அறைக்குள் தும்மினாலே விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்று கெட்டால் இன்னொன்று என்று எல்லாப் பாகமும் இரண்டிரண்டாக இருக்கும். ஒரு ஆணியை மாற்ற மூன்று கமிட்டி கூடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்தக் கமிட்டிகளில் பாதியில் நானும்தான் உட்கார்ந்து முறுக்கு தின்றிருக்கிறேன்.

அந்த உலகம் என் கண்ணெதிரே மாறியது. 2004, 2005 வாக்கில் வெளிநாடுகளில் சின்னச் சின்னக் கம்பெனிகள் முளைத்தன. பத்துப் பேர் சேர்ந்து, கடையில் கிடைக்கும் பாகங்களை வாங்கி, சாதா ஃபிரிட்ஜ் அளவுக்கு ஒரு செயற்கைக்கோள் செய்துவிடுவார்கள். அரசாங்கங்கள் மட்டும் எடுத்த படங்களை இவர்கள் எடுத்து, கேட்பவருக்கெல்லாம் விற்பார்கள். நானும் பெரிய நிறுவனத்தை விட்டுவிட்டு, புதுச்சேரியில் இருந்த ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். எங்களுக்குத் தரையில்தான் வேலை. டிஷ் ஆன்டெனா நட்டு, மேலே போகும் செயற்கைக்கோளோடு பேச வைத்துத் தருவோம். "இந்த வயசுல போயும் போயும் டிஷ் மாட்டுற வேலைக்கா போற?" என்று என் அக்கா கேட்டாள். கேபிள் டிவி என்று நினைத்துக்கொண்டாள். நானும் திருத்தவில்லை.

மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டிய ஒரு மேட்டில்தான் எங்கள் முதல் டிஷ்ஷை வைத்தோம். அங்கே உயரமான கட்டடமோ மரமோ கிடையாது. அடிவானம் வரை ஒரே மட்டம். செயற்கைக்கோள் எழுந்ததிலிருந்து மறையும் வரை பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. இடம் பார்த்தது 2005 கோடையில். அதற்கு அரசு அனுமதிகளை வாங்கிய கதை தனி. செயற்கைக்கோளே அவ்வளவு தூரம் சுற்றியிருக்காது.

டிஷ்ஷுக்கு முன்னால் இருந்த பாத்திகள் அப்போது பாழாகக் கிடந்தன. சுனாமியில் கடல் உள்ளே வந்து வரப்புகளை உடைத்து, மணலைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போயிருந்தது. மேடும் பள்ளமுமாக, ஆங்காங்கே வேலிக்கருவை முளைத்துக் கிடந்தது. அந்தப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அஞ்சலை. என் வயதுதான் இருக்கும். கணவரும் அவருமாக இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு மணலை வாரிக் கொட்டி, வரப்பு கட்டி, பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டே இருந்தார்கள். முதல் நாள் எங்கள் டிஷ்ஷைப் பார்த்துவிட்டு, "என்னா மேடம் இது, கொடையக் கவுத்து வச்சிருக்கீங்க? மழை பெஞ்சா ரொம்பிடாது?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் டெக்னீஷியன் செல்வம் முதற்கொண்டு எல்லோருக்கும் அது குடைதான். செல்வம் பெருமுக்கல்காரர். பதினைந்து வருடம் என்னோடு வேலை பார்த்தவர். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். இந்தக் கதைக்கு அது முக்கியம், மறந்துவிடாதீர்கள்.

எங்கள் டிஷ் பேச வேண்டிய வெளிநாட்டுச் சின்னக் கம்பெனியின் செயற்கைக்கோள் அந்த வருடக் கடைசியில் மேலே போயிருக்க வேண்டும். போகவில்லை. இந்தச் சின்னக் கம்பெனிகளுக்கென்று தனி ராக்கெட் கிடையாது. யாரோ ஒரு பெரிய புள்ளியின் செயற்கைக்கோள் போகும் ராக்கெட்டில் ஓரமாக ஒட்டிக்கொண்டு போவார்கள். கல்யாண வேனில் இடம் கேட்டு ஏறியவர் மாதிரி. வேன் எப்போது கிளம்பும் என்று மாப்பிள்ளை வீட்டாரைத்தான் கேட்க வேண்டும். நான்கைந்து முறை தள்ளித் தள்ளி, கடைசியில் 2006 கோடையில் தேதி வந்தது.

அதற்குள் எங்கள் கண்ணெதிரிலேயே அஞ்சலையின் பாத்திகள் உயிர் பெற்றுவிட்டன. முதல் முறை தண்ணீர் கட்டிய அன்று எங்களுக்குக் கேசரி கொடுத்தார். நாங்களும் கைதட்டிச் சாப்பிட்டோம். டிஷ்ஷுக்கு முன்னால் மணல்மேடு போய், சமதளமாக உப்புத் தண்ணீர் வந்துவிட்டது. அது என்ன செய்யும் என்று அந்தக் கேசரியைத் தின்ற எந்த இன்ஜினியருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், வேறு செயற்கைக்கோளைப் பிடித்து மறுபடி சோதித்துப் பார்க்கச் செலவாகும் என்று மேலிடத்தில் வேண்டாம் என்றிருப்பார்கள்.

செயற்கைக்கோளின் கம்பெனியிலிருந்து எலின் என்ற பெண் வந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நல்ல வேலையை விட்டுவிட்டு அந்தப் பத்துப் பேரில் ஒருத்தியாகச் சேர்ந்தவள். இரண்டு மாதம் எங்களோடு இருந்து, தமிழில் இரண்டே வார்த்தை கற்றிருந்தாள். ஒன்று "சரி". இன்னொன்று "போதும்". இரண்டாவதை அஞ்சலை கூழ் ஊற்றும்போது கற்றுக்கொண்டாள், ஆனால் சொல்லி ஒருநாளும் பலித்ததில்லை. ஊற்றுபவர் அதைக் காதில் வாங்கினால்தானே! வேறு செயற்கைக்கோள் செய்ய அவர்களிடம் வழியில்லை. இது பேசவில்லை என்றால் கம்பெனியை மூடிவிட்டு ஆளுக்கொரு வேலை தேட வேண்டியதுதான்.

ராக்கெட் நன்றாகத்தான் போனது. மறுநாள் விடிந்த கையோடு, எங்கள் வானத்தில் செயற்கைக்கோள் முதல் முறையாக எழுந்தது. இப்படி எழுந்து மறையும் சில நிமிடங்களைத்தான் நாம் பாஸ் என்கிறோம். சிக்னல் வந்தது. டிஷ் அதைப் பிடித்துக்கொண்டது. எலின் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். அடுத்த கணம் டிஷ் மெல்லத் தலையைக் குனிந்து, பாத்தித் தண்ணீரைப் பார்த்தது. சிக்னல் போய்விட்டது. அடுத்த பாஸிலும் அதே கதை. பிடிக்கும், குனியும், விட்டுவிடும்.

வெளியே வரப்பில் நின்ற அஞ்சலை, "என்னா மேடம், கொடை தலை குனிஞ்சிக்கினு இருக்குது? யார்னா திட்டிட்டீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. செயற்கைக்கோள் அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகப் போகும்போது அதன் சிக்னல் இரண்டு வழியில் வரும். ஒன்று நேராக. இன்னொன்று தண்ணீரில் பட்டுத் திரும்பி. ஆடாமல் நிற்கும் உப்புத் தண்ணீர் ரேடியோ அலைக்கு முகம் பார்க்கும் கண்ணாடி. தானாகவே சிக்னலைத் தேடித் திரும்பும் எங்கள் மலிவான டிஷ்ஷுக்கு நிஜம் எது, பிம்பம் எது என்று தெரியவில்லை. செயற்கைக்கோள் தலைக்கு மேலே வந்தால் பிரச்சினை இல்லை, ஆனால் அது மறுநாள்தான். அன்றைக்கு மிச்சமிருந்தது பொழுது சாயும் நேரத்தில் ஒரே ஒரு பாஸ், அதுவும் தாழ்வானது. நாங்கள் கட்டளை அனுப்பினால்தான் அதன் சோலார் பேனல்கள் விரியும். விரியாவிட்டால் அன்று ராத்திரியோடு பேட்டரி தீர்ந்துவிடும். வேறு நாட்டு ஸ்டேஷன் ஒன்றை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்து வைத்திருக்கலாம். சிக்கனம் என்று அதையும் எடுக்கவில்லை.

எலினின் முதலாளி தொலைபேசியில் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கெட்டிக்காரர், உடனே பிடித்துக்கொண்டார்.

"முன்னால் இருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள்" என்றார்.

"அது ஒருத்தருடைய விளைச்சல். இன்னும் ஒரு வாரத்தில் உப்பு வாரப் போகிறார்கள்."

"நஷ்டத்தைக் கொடுத்துவிடலாம். எங்கள் செயற்கைக்கோளோடு ஒப்பிட்டால் அது எம்மாத்திரம்? நில ஒப்பந்தத்திலும் இடமிருக்கிறதே."

இடமிருந்ததுதான். டிஷ்ஷுக்கு முன்னால் எது மறித்தாலும் அகற்றலாம் என்று ஒரு வரி இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்தேன். எலின் என் முகத்தையும் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. பாத்தியை வடிக்கச் சொல்லி அவள் கேட்க மாட்டாள் என்று தெரிந்தது. கேட்காமல் இருக்க அவள் பட்ட பாடும் தெரிந்தது. எனக்கு அவள்மேல் அவ்வளவு பாசம் வந்தது அந்த நிமிடத்தில்தான்.

இதற்கிடையில் செல்வம், நான் சொன்னேனே, மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர், நேராக அஞ்சலையிடம் போய் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். அஞ்சலை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"அந்தப் பொண்ணு அழுவுதா?"

"அழல. அழுதுடும் போல இருக்குது."

அஞ்சலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் தொலைபேசியில் இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், கிட்டத்தில் இருந்த பாத்தியின் மடை திறந்து தண்ணீர் வாய்க்காலில் பாய்கிறது. ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

ஓடும்போது எதற்காக ஓடுகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. தடுக்கவா, நன்றி சொல்லவா? அவர் சண்டை போட்டிருந்தால், பேரம் பேசியிருந்தால், நான் ஒருவேளை வடிக்கவே சொல்லியிருப்பேன். சுனாமியில் போன பாத்தியை ஒரு வருடம் மிதித்து மீட்டு, நன்றாகக் கூடிவந்த முதல் விளைச்சலை, கேட்காமலேயே ஒருத்தர் வெட்டிவிட்டால் என்ன செய்வது? வரப்பு முனையில் நின்று காலியான பாத்தியைப் பார்த்தேன். தண்ணீர் போன இடத்தில் ஈரக் களிமண், கறுப்பாக, உப்பு ஊறி, வெயிலில் பளபளவென்று கண் கூசியது. தண்ணீர் இருந்தபோது எப்படிக் கூசியதோ அப்படியே.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ரேடியோ அலைக்கு உப்புத் தண்ணீரும் உப்பு ஊறிய ஈர மண்ணும் ஒன்றுதான். இந்த மண் காய்ந்து கரடாக நாலைந்து நாள் வெயில் அடிக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் எத்தனை பாத்தியை வடித்தாலும் ஒரு புண்ணியமும் இல்லை. அஞ்சலை அடுத்த மடையில் மண்வெட்டியை ஓங்கிவிட்டார்.

"அஞ்சலைம்மா, நிறுத்துங்க! வெட்டாதீங்க!" என்று கத்திக்கொண்டே போய், வழுக்கி, இடுப்பு வரை சேறானேன்.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைத் தூக்கிவிட்டார். "ஒருத்தர் தெறக்கணும்ன்றீங்க, ஒருத்தர் வேணான்றீங்க. ஆபீசுல கூடிப் பேசிட்டு ஒரே பேச்சா வந்து சொல்லக் கூடாதா?"

சேற்றோடு போய் மறுபடி தொலைபேசியை எடுத்தேன். வடிப்பதால் பயனில்லை என்றேன். முதலாளிக்கு நம்பிக்கை இல்லை. "எதுவும் செய்யாமல் இருப்பதைவிட மேல்தானே? எல்லாவற்றையும் திறக்கச் சொல்லுங்கள்" என்றார்.

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்திவைத்து ஒன்று சொல்ல வேண்டும். நெருக்கடியில் மனிதனுக்கு ஏதாவது பெரிதாகச் செலவழித்தால் நிம்மதி வருகிறது. பெரிய இழப்பு என்றால் பெரிய பலன் இருக்கும் என்று மனசு நம்பிவிடுகிறது. அந்த இழப்பு அடுத்தவருடையது என்றால் நம்பிக்கை இன்னும் கூடிவிடுகிறது. நம் தொழில் மலிவாகிவிட்டது என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். உண்மைதான், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பாதி மலிவு இப்படி வந்தது. மேலே ஒரு பாகத்தைக் குறைத்தார்கள், சோதனையைக் குறைத்தார்கள், வாடகை ஸ்டேஷனைக் குறைத்தார்கள். குறைத்ததெல்லாம் கீழே இறங்கி வந்து ஒரு பாத்தியின் மடையில் நின்றது. கோபம் வந்துவிட்டது எனக்கு. "எங்களிடம் வேறு வழி இருக்கிறது" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தேன்.

வைத்த பிறகுதான் அந்த வழியை முழுதாக யோசித்தேன் என்பதை உங்கள் மேனேஜரிடம் சொல்ல வேண்டாம்.

வழி இதுதான். டிஷ் தானாகத் தேடுவதை நிறுத்திவிட வேண்டும். நாமே கையால் திருப்ப வேண்டும். அதுவும் செயற்கைக்கோளைப் பார்த்து இல்லை, அதற்குக் கொஞ்சம் மேலே, வெறும் வானத்தைப் பார்த்து. அப்படிச் செய்தால் நேராக வரும் சிக்னல் பாதிதான் கிடைக்கும். ஆனால் கீழே தண்ணீரிலிருந்து வரும் பிம்பம் அநேகமாக விழவே விழாது. பாதை எங்கே என்பதற்கு எங்களிடம் சரியான கணக்கும் இல்லை. ராக்கெட்காரர்கள் அதைப் பெரிய புள்ளிக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். ஓரத்தில் ஏறியவர்களுக்குக் குத்துமதிப்புதான். காலையில் கொஞ்ச நேரம் பிடித்தோமே, அதை வைத்து, அவர்கள் சொன்ன நேரத்துக்குச் செயற்கைக்கோள் எவ்வளவு தாமதமாக வருகிறது என்று திருத்திக்கொண்டோம்.

எலின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இரண்டு கேள்வி கேட்டாள்.

"பாத்திகளை வடித்தால் உதவாது என்று நிச்சயமாகத் தெரியுமா?"

"தெரியும்."

"மேலே பார்த்தால் உதவும் என்று?"

"நிச்சயமாகத் தெரியாது."

என் புடவைச் சேற்றைப் பார்த்தாள். பிறகு "சரி" என்றாள், தமிழில்.

பொழுது சாய்ந்தது. நான் கோணத்தைப் படித்தேன், செல்வம் பொத்தானை அழுத்தி டிஷ்ஷைத் திருப்பினார், எலின் கட்டளை அனுப்பும் விசையில் கை வைத்து உட்கார்ந்தாள். சிக்னல் வந்தது. ஒல்லியாக, நோயாளி மூச்சு மாதிரி வந்தது. ஆனால் அறுபடவில்லை. செல்வத்தின் விரல் டிஷ்ஷை இறக்கும் பொத்தான் பக்கம் நகர்ந்தது.

"மேடம், கொஞ்சூண்டு எறக்கிக்கட்டுமா? நேரா வச்சா நல்லா வரும் மேடம்."

"எறக்காதப்பா."

"ரொம்ப கம்மியா இருக்குது மேடம்..."

"செல்வம், எறக்கின, நீ வீட்டுக்குப் போவமாட்ட."

அவர் இறக்கவில்லை. எலின் விசையை அழுத்தினாள். பதில் வர எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் அறிந்த தெய்வங்களோடு, செல்வத்தின் குலதெய்வத்தையும் கடன் வாங்கிக் கும்பிட்டேன். திரையில் பேட்டரியின் எண் இறங்குவதை நிறுத்தியது. நின்றது. ஒரு படி ஏறியது. பேனல்கள் விரிந்துவிட்டன.

எலின் அழுதாள். காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அழுதாள். பிறகு வெளியே ஓடிப்போய் அஞ்சலையைக் கட்டிக்கொண்டாள். அஞ்சலை கூச்சத்தோடு அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே என்னைப் பார்த்தார்.

"மேடம், நான் தெறந்துவிட்டனே ஒரு பாத்தி, அது உதவுச்சா?"

வாய் வரை பொய் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"இல்லைம்மா. அது உதவலை."

"ஓ" என்றார். "போனா போவுது. மத்தத நீங்க காப்பாத்திட்டீங்களே."

புதுச்சேரிக்குத் திரும்பும்போது வண்டியில் செல்வம் என்னோடு பேசவே இல்லை. கோட்டக்குப்பம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உங்களுக்கு என்ன மேடம் கொறைஞ்சிடும்?" என்றார். எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதில் பொய் சொன்னால் அடுத்த முறை அவர் எல்லா மடையையும் திறந்துவிடுவார் என்றேன். நியாயமான பதில்தான். ஆனாலும் அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பாத்திக்கு உண்டானதைக் கம்பெனியிடம் கறந்து கொடுத்துவிட்டோம். வீணாய்ப் போன ஒரு வருட உழைப்பை எந்தக் கம்பெனியிடம் கறப்பது?

அந்த வாரத்துக்குள்ளேயே செயற்கைக்கோளின் கேமராவைச் சோதித்தார்கள். முதல் படம் எங்கள் கடற்கரையைத்தான் எடுக்க வேண்டும் என்று எலின் பிடிவாதம் பிடித்திருக்கிறாள். அவள் ஊருக்குத் திரும்பிய பிறகு எங்களுக்கு ஒரு கட்டு விளம்பரத் தாள் வந்தது. உலகம் முழுக்கப் படம் வாங்குபவர்களுக்கு அனுப்பிய தாள் அது. அட்டையில் மரக்காணம். உப்புப் பூத்த பாத்திகள் வரிசையாக வெள்ளை வெளேரென்று இருந்தன. நடுவில் ஒரே ஒரு கட்டம் மட்டும் கறுப்பு. வடித்துவிட்டு, புதிதாகத் தண்ணீர் கட்டிய பாத்தி. அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, ஒரு தனிப் பாத்தியின் மாற்றத்தைக்கூட எங்கள் கேமரா காட்டும் என்று அச்சடித்திருந்தார்கள். அந்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் முதல் வாடிக்கையாளர்கள் வந்தார்கள் என்று எலின் ஓரத்தில் கையால் எழுதியிருந்தாள். எல்லாம் வெள்ளையாகவே இருந்திருந்தால், அது வெறும் வெள்ளைப் படம்தான்.

தாளை எடுத்துக்கொண்டு நானும் செல்வமும் நேராக உப்பளத்துக்குப் போனோம். அஞ்சலை உப்பு வாரிக்கொண்டிருந்தார். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். எந்தப் பாத்தி என்று நான் காட்ட வேண்டியிருக்கவில்லை.

"அன்னிக்கு நான் தப்பா சொல்லிட்டேன் அஞ்சலைம்மா" என்றேன். "உதவுச்சு. கம்பெனி நிக்கறதே இதாலதான்."

அவர் கறுப்புக் கட்டத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு செல்வத்தைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அதுக்குத்தான் மேடம் நான் அடுத்ததையும் வெட்டப் போனேன். நீங்கதான் ஓடியாந்து சேத்துல விழுந்து கெடுத்தீங்க!"